1991-லேயே நின்றுவிட்ட வீட்டு விலை

ஐயா,

லண்டன் ஈஸ்ட் ஹாமில் 17 வருடமாக இருக்கிறேன். 2025 ஏப்ரலில் எங்கள் உள்ளாட்சியான நியூஹாம் கவுன்சில், கவுன்சில் டாக்ஸ் என்ற வீட்டு வரியில் தன் பங்கை 8.99 சதவீதம் ஏற்றிவிட்டது. குரோய்டன் திவால், பர்மிங்காம் திவால், நாட்டிங்ஹாம் திவால் என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறது. எங்களுடையதும் அந்த வரிசையில்தான் நிற்கிறதோ என்று பயமாக இருக்கிறது. அம்மாவுக்கு 81 வயது. காலையும் மாலையும் கவுன்சில் ஏற்பாட்டில் ஒரு பராமரிப்பாளர் வருகிறார். கவுன்சில் திவாலானால் அவர் வருவது நின்றுவிடுமா? நேற்று வந்தவர்களுக்கெல்லாம் ஹோட்டலில் ரூம் போட்டே காசைக் கரைக்கிறார்கள், கவுன்சிலர்களின் அலவன்ஸ் வேறு. வெள்ளைக்காரன் நிர்வாகம் என்று நம்பி வந்தோம், இப்படி ஆகலாமா?

சிவா, ஈஸ்ட் ஹாம்

அன்புள்ள சிவா,

அம்மா விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நின்றுவிடாது, பயப்படாதீர்கள்.

பிரிட்டனில் ஒரு கவுன்சில் கம்பெனியைப் போலத் திவாலாக முடியாது. அதைக் கலைத்து, சொத்தை விற்று, கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கு பிரிக்கச் சட்டத்தில் வழியே இல்லை. பத்திரிகைகள் திவால் என்று எழுதுவது செக்‌ஷன் 114 நோட்டீஸை. 1988-ம் வருட உள்ளாட்சி நிதிச் சட்டத்தில் வரும் பிரிவு அது. இந்த வருடச் செலவு வரவைத் தாண்டப் போகிறது என்று தெரிந்ததும் கவுன்சிலின் தலைமை நிதி அதிகாரி எல்லாக் கவுன்சிலர்களுக்கும் தணிக்கையாளருக்கும் அதை எழுத்தில் தந்தாக வேண்டும். அன்று முதல் புதிதாகச் செலவு வைக்கும் ஒப்பந்தம் எதுவும் போடக்கூடாது. 21 நாளுக்குள் மன்றம் கூடி என்ன செய்யப்போகிறோம் என்று முடிவெடுக்க வேண்டும். ஏற்கெனவே போட்ட ஒப்பந்தங்கள், ஊழியர் சம்பளம், சட்டம் கட்டாயமாக்கிய சேவைகள் எல்லாம் தொடரும். முதியோர் பராமரிப்பு 2014-ம் வருடப் பராமரிப்புச் சட்டப்படி கட்டாயச் சேவை.

நீங்கள் விழிப்பாக இருக்கவேண்டியது நோட்டீஸ் வரும் நாளில் அல்ல, அம்மாவின் தேவையைக் கவுன்சில் மறுபடி மதிப்பிடும் ‘ரிவ்யூ’ நாளில். காசில்லை என்று மட்டும் சொல்லி நேரத்தைக் குறைக்க முடியாது, தேவையை மறுபடி மதிப்பிட்ட பிறகே குறைக்க முடியும். அதனால் அம்மாவின் பராமரிப்புத் திட்டத்தை எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். எழுந்து கழிப்பறைக்குப் போக முடியாத நாட்கள், மாத்திரையை மறந்த நாட்கள், இரண்டையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அதிகாரி வந்து கேட்கும்போது, ‘எனக்கு ஒண்டும் இல்லை பிள்ளை, நான் சமாளிப்பன்’ என்றுதான் அம்மா சொல்வார். அந்த ஒரு வாக்கியம் அவருடைய அரை மணி நேரத்தைப் பறித்துவிடும். அன்று லீவு போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

கவுன்சிலர் அலவன்ஸை விடுங்கள், மொத்தக் கணக்கில் அது தூசு. வெள்ளைக்காரன் நிர்வாகம் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள், அது என்றைக்குமே ஒரு கதைதான்.

ஆனால் ‘நேற்று வந்தவர்கள்’ என்று எழுதினீர்களே, அதை விடமாட்டேன். 17 வருடத்துக்கு முன் நீங்களும் நேற்று வந்தவர்தான். இந்த வார்த்தையை அன்று யாராவது உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் எப்படி வலித்திருக்கும்? கணக்கும் தப்பு. அடைக்கலம் கேட்டு வந்தவர்களின் ஹோட்டல் செலவு உள்துறை அமைச்சகத்தின் பொறுப்பு. உங்கள் கவுன்சில் தங்க இடம் கொடுப்பது வீடிழந்த குடும்பங்களுக்கு. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னதும் அதே வாடகையில் வேறு வீடு கிடைக்காதவர்கள் அதில் ஏராளம். உங்கள் தெருவிலேயே குடியிருந்தவர்களாகக்கூட இருக்கலாம். தற்காலிகத் தங்குமிடத்தில் இருக்கும் குடும்பங்களின் விகிதம் இங்கிலாந்திலேயே நியூஹாமில்தான் மிக அதிகம்.

கவுன்சிலின் பணம் எங்கே ஒழுகுகிறது என்று கேட்டால் இங்கேதான். இந்தக் குடும்பங்களின் வாடகைக்காக மத்திய அரசு கவுன்சிலுக்குத் திருப்பித் தரும் மானியத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு: 2011 ஜனவரியில் அந்தப் பகுதிக்கு நிர்ணயித்த வாடகை உதவித்தொகையில் 90 சதவீதம். 2011-ல் அது வாரம் 200 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். அரசு தருவது 180. இன்று அதே அளவு இடத்துக்கு ஓர் இரவுக்கு 60 பவுண்டு கேட்டால் வாரத்துக்கு 420. மீதி 240 பவுண்டைக் கவுன்சில் கட்ட வேண்டும். ஒரு குடும்பத்துக்கு வருடத்தில் 12,480 பவுண்டு, ஆயிரம் குடும்பத்துக்கு 1 கோடியே 24 லட்சத்து 80 ஆயிரம். இடம் கொடுப்பது சட்டப்படி கட்டாயம், விலை சந்தை வைத்தது, மானியம் மட்டும் 2011-ல் நிற்கிறது. 2023-24-ல் இங்கிலாந்தின் கவுன்சில்கள் தற்காலிகத் தங்குமிடங்களுக்குச் செலவழித்தது சுமார் 229 கோடி பவுண்டு.

எல்லாக் கவுன்சிலும் இப்படிப் பாதிக்கப்பட்டதுதான் என்று நான் சொல்லவில்லை. ஒரு லட்சம் பேர் வாழும் வோக்கிங், அடுக்குமாடிக் கோபுரங்களும் ஹோட்டலும் கட்டக் கடன் வாங்கி, 2023 ஜூனில் நோட்டீஸ் கொடுத்தபோது 180 கோடி பவுண்டு கடனில் இருந்தது. வருடாவருடம் கடனடைக்க ஒதுக்கவேண்டிய தொகையையும் ஒழுங்காக ஒதுக்கவில்லை. கவுன்சில்களின் தணிக்கையைக் கவனித்த ஆடிட் கமிஷனை 2015-ல் மூடிய பிறகு இதையெல்லாம் நேரத்தில் பிடிக்கவும் ஆளில்லாமல் போனது. ஆனால் வோக்கிங்கைக் காட்டி எல்லாரையும் ஊதாரி என்பவர்கள், 2010-11-க்கும் 2017-18-க்கும் நடுவே மத்திய அரசின் நிதி, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், 49.1 சதவீதம் குறைந்ததைச் சொல்வதில்லை. அது தேசியத் தணிக்கை அலுவலகத்தின் கணக்கு.

இப்போது உங்கள் கவுன்சில் டாக்ஸ் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் பேண்ட் என்று ஓர் எழுத்து போட்டிருக்கும். அது உங்கள் வீட்டின் இன்றைய விலையைச் சொல்லவில்லை. 1991 ஏப்ரல் 1 அன்று அந்த வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதைச் சொல்கிறது. 40,000 பவுண்டு வரை ஏ, 68,000-க்கு மேல் 88,000 வரை டி, 3,20,000-ஐத் தாண்டினால் எச். அதற்கு மேல் பேண்டே கிடையாது. அன்று மதிப்புப் போட்டவர்களில் எஸ்டேட் ஏஜெண்டுகளும் இருந்தார்கள். காரை இரண்டாம் கியரில் உருட்டிக்கொண்டே, இறங்காமல், வீட்டைப் பார்த்து எழுத்தைக் குறித்தார்கள் என்பதால் ‘செகண்ட் கியர் மதிப்பீடு’ என்றே அதற்குப் பெயர் வந்தது. அதற்குப் பிறகு இங்கிலாந்தில் ஒருமுறைகூட மறுமதிப்பீடு நடக்கவில்லை.

உங்கள் பக்கத்து ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒலிம்பிக் பூங்கா ஓரமாகப் புதிதாக எழும் அடுக்ககத்தை நினைத்துப் பாருங்கள். 1991-ல் அது ரயில்வே நிலம். ஆனாலும் மதிப்பீட்டு அலுவலர் பேண்ட் போட்டாக வேண்டும். இந்தக் கட்டடமும் இந்தத் தெருவும் அன்றைக்கு இருந்திருந்தால் என்ன விலை போயிருக்கும் என்று கணக்கிடுகிறார். அன்று பிறக்காத வீட்டுக்கு அன்றைய விலை. இதன் மேல்தான் ஒரு நாட்டின் உள்ளாட்சி நிதி நிற்கிறது, சிவா.

பேண்டுகளுக்கு நடுவே இருக்கும் விகிதம் இன்னும் மோசம். டி ஒன்பது பங்கு கட்டினால் ஏ ஆறு, எச் பதினெட்டு. அதாவது 1991-ல் 40,000 பெற்ற வீடு ஒரு பங்கு கட்டினால், அதே ஊரில் 4,00,000 பெற்ற மாளிகை மூன்று பங்கு கட்டுகிறது. விலை பத்து மடங்கு, வரி மூன்று மடங்கு. ஊருக்கு ஊர் ஒப்பிட்டால் இன்னும் கொடுமை. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் எச் பேண்ட் மாளிகை கட்டுவதைவிட வடகிழக்கு ஊரான ஹார்ட்டில்பூலில் டி பேண்ட் சாதாரண வீடு அதிகம் கட்டுகிறது. வடகிழக்கு ஊர்களில் ஏ பேண்ட் வீடுகளே நிறைந்திருக்கும். அங்கே ஒரு சதவீதம் ஏற்றினால் கிடைப்பது சில்லறை. பராமரிப்பு தேவைப்படும் ஏழைகள் அதிகம் இருப்பதும் அங்கேதான்.

வரியை ஏற்றவும் கவுன்சிலுக்குச் சுதந்திரம் இல்லை. சமூகப் பராமரிப்புப் பொறுப்புள்ள கவுன்சில்கள் 4.99 சதவீதம் வரை ஏற்றலாம், அதற்கு மேல் போனால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். இந்த விதியின் கீழ் நடந்தது ஒரே ஒரு வாக்கெடுப்புதான், 2015-ல் பெட்ஃபோர்டுஷைர் போலீஸ் வரிக்காக. அதுவும் தோற்றது. உங்கள் நியூஹாமின் 8.99 அரசிடம் கேட்டு வாங்கிய விசேஷ அனுமதி. அதே வருடம் பிராட்ஃபோர்டுக்கு 9.99. கூடவே சுமார் 30 கவுன்சில்களுக்கு ‘விசேஷ நிதி ஆதரவு’ கிடைத்தது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது மானியம் அல்ல. கடன் வாங்கியோ கட்டடத்தை விற்றோ அன்றாடச் செலவைச் சமாளித்துக்கொள்ளலாம் என்ற அனுமதி. மளிகைக் கடைப் பாக்கிக்கு நகையை அடகு வைக்கிற கதை. வட்டியும் அசலும் அடுத்தடுத்த வருடங்களின் பட்ஜெட்டில் வந்து உட்காரும்.

மறுமதிப்பீடு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு வேல்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது. 2003 விலையை வைத்து 2005-ல் செய்து முடித்தார்கள், மேலே ஐ என்று ஒரு பேண்டும் சேர்த்தார்கள். மூன்றில் ஒரு பங்கு வீடுகள் மேல் பேண்டுக்குப் போயின, கூச்சல் எழுந்தது, கூச்சல் அடங்கியது. அந்தக் கூச்சலைக் கேட்டே அதே 2005-ல் இங்கிலாந்தின் மறுமதிப்பீட்டைத் தள்ளிப் போட்டார்கள். எல்லாருக்கும் ‘போல் டாக்ஸ்’ என்ற தலைவரியின் நினைவு. 1990-ல் டிராஃபல்கர் சதுக்கத்தில் கலவரம், அந்த வருட இறுதிக்குள் தாட்சர் பதவியில் இல்லை. அதற்கு மாற்றாக அவசரத்தில் செய்ததே இந்தக் கவுன்சில் டாக்ஸ். அன்றைக்குப் பிடித்த பயத்தை இரண்டு பெரிய கட்சிகளும் இன்னும் சுமக்கின்றன. 2025 மேயில் கென்ட் உட்பட 10 கவுன்சில்களைப் பிடித்த ரிஃபார்ம் கட்சி வீண்செலவை வெட்டுவோம் என்றது. எங்கே வெட்டுவது? முதியோர் பராமரிப்பும் காப்பகக் குழந்தைகளும் சிறப்புத் தேவைப் பிள்ளைகளின் பள்ளி டாக்ஸியும் எந்தக் கட்சி வந்தாலும் சட்டக் கட்டாயம்தான்.

மதிப்பிடவே முடியாது என்றாலும் பொறுத்துக்கொள்ளலாம். 2025 நவம்பர் பட்ஜெட்டில், 20 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு 2028 ஏப்ரல் முதல் வருடம் 2,500-லிருந்து 7,500 வரை கூடுதல் வரி என்று அறிவித்தார்கள். அதற்காக உயர்ந்த பேண்ட் வீடுகளை இன்றைய விலையில் மதிப்பிடப் போகிறார்கள். அந்தப் பணம் போவது கவுன்சிலுக்கு அல்ல, மத்தியக் கருவூலத்துக்கு! இதைப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள், சிவா. பக்கத்து ஹோட்டலில் ஒரே அறையில் மூன்று குழந்தைகளோடு இருக்கும் தாய்மேல் அல்ல.

உங்கள் பேண்ட் சரிதானா என்று பார்க்க நினைத்தால், மதிப்பீட்டு அலுவலகத்தின் தளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டுத் தெரு முழுக்கப் பாருங்கள். ஒரே மாதிரி வீடுகள் உங்களுடையதைவிடக் கீழ் பேண்டில் இருந்தால் மட்டும் எழுதுங்கள். குடிவந்து ஆறு மாதத்துக்குள் முறைப்படி ஆட்சேபிக்கும் உரிமை இருந்தது, அந்தக் கெடு உங்களுக்கு என்றோ முடிந்துவிட்டது. இப்போது ஆதாரத்தோடு மறுபரிசீலனை கேட்கத்தான் முடியும். கேட்பதற்கு முன் ஒன்று யோசியுங்கள்: பேண்ட் இறங்கலாம், ஏறவும் செய்யலாம். பக்கத்து வீட்டுக்காரர்களுடையதும் சேர்ந்து ஏறலாம்.