பங்காளி வயலில் மழை

அன்புள்ள ஐயா,

பாஸ்டன் அருகே ஆறு ஆண்டுகளாக வசிக்கிறேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். மகனால் பேஸ்பாலுக்குள் வந்தேன். இப்போது செப்டம்பர் வந்தாலே தூக்கம் கெடுகிறது. எங்கள் ஊர் அணியான ரெட் சாக்ஸ் வைல்ட் கார்டு இடத்துக்குத் தள்ளாடுகிறது. அதே இடத்துக்குப் போட்டியிடும் அணியோடு நேற்று எங்கள் பரம எதிரியான நியூயார்க் யாங்கீஸ் ஆடியது. யாங்கீஸ் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தபோது என்னையறியாமல் கைதட்டிவிட்டேன். பதினொரு வயது மகன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டான். யாங்கீஸோ முக்கியமான ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுத் தோற்றது. இது நேர்மையா? பார்ப்பதையே நிறுத்திவிட்டுக் காலையில் முடிவை மட்டும் தெரிந்துகொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.

ர., மாசசூசெட்ஸ்

அன்புள்ள ர.,

நீங்கள் கைதட்டிய அதே கைதட்டலை நானும் தட்டியிருக்கிறேன். 2011 செப்டம்பர் 28, புதன்கிழமை இரவு. அப்போது வேலை நிமித்தமாக பாஸ்டனில் இருந்தேன்.

மற்ற வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் பேஸ்பாலில் ஒவ்வோர் அணியும் மார்ச் கடைசி அல்லது ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஏறக்குறைய தினமும் ஆடும். மொத்தம் 162 ஆட்டங்கள். பிரிவில் முதலிடம் பிடிக்காத அணிகளில் சிறந்ததற்குக் கிடைக்கும் இடம்தான் வைல்ட் கார்டு. அந்த ஆண்டு ஒரு லீகுக்கு ஒரே ஓர் இடம்.

செப்டம்பர் தொடக்கத்தில் அந்த இடத்துக்கான போட்டியில் ரெட் சாக்ஸ், டாம்பா பே ரேஸைவிட 9 ஆட்டங்கள் முன்னால் இருந்தது. அந்த மாதம் 7 ஆட்டங்களில்தான் வென்றது. 20 ஆட்டங்களில் தோற்றது. கடைசி நாள் காலையில் இரண்டு அணிகளும் 90 வெற்றி, 71 தோல்வி என்று சமமாக நின்றன. ரெட் சாக்ஸுக்கு பால்டிமோரில் ஆட்டம். ரேஸுக்கு எதிரே யாங்கீஸ்.

வாய்க்கால் தண்ணீர் நம் வயலுக்கு வர வேண்டுமென்றால், பங்காளியின் வயல் முதலில் நிறைய வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியான யாங்கீஸுக்காக அன்று பாஸ்டன் முழுவதும் வேண்டிக்கொண்டது. யாங்கீஸ் 7-0 என்று முன்னிலை பெற்றது. பால்டிமோரில் மழை. 3-2 என்ற முன்னிலையோடு ரெட் சாக்ஸ் ஆட்டக்காரர்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் காத்திருந்தார்கள். நாங்கள் சானலை மாற்றி மாற்றி யாங்கீஸைப் பார்த்தோம். அங்கே எட்டாவது இன்னிங்ஸில் ரேஸ் 6 ரன் எடுத்தது. கடைசியான ஒன்பதாவதில் இரண்டு பேர் அவுட். இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் விழுந்தால் மூன்றாவது ஆளும் அவுட்டாகி ஆட்டம் முடிந்துவிடும் என்ற நிலையில், அந்தப் பருவம் முழுவதும் மட்டை பேசாத ரேஸின் டான் ஜான்சன் ஹோம் ரன் அடித்து 7-7 ஆக்கினார். ஆட்டத்தை முடித்துவைக்க யாங்கீஸ் அனுப்பும் பந்து வீச்சாளர் மரியானோ ரிவேரா அன்றிரவு பந்து வீசவே இல்லை.

பால்டிமோரிலும் அதே கதை. ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட். ரெட் சாக்ஸின் பேபல்பான் கையில் பந்து. பிரிவில் கடைசி இடத்தில் கிடந்த பால்டிமோர் அணியான ஓரியோல்ஸ், அடுத்தடுத்து இரண்டு டபிள் (ஒரே அடியில் இரண்டாம் தளம் வரை ஓடுவது) அடித்துச் சமன் செய்தது. பிறகு ஓரியோல்ஸின் ஆண்டினோ அடித்த பந்து, இடப்பக்கத்தில் சறுக்கியபடி வந்த ரெட் சாக்ஸின் கார்ல் கிராஃபோர்டின் கையுறையில் தங்காமல் நழுவியது. 4-3. சில நிமிடங்களில், சமனால் நீண்டுபோன மற்ற ஆட்டத்தில், பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ரேஸின் லாங்கோரியா அடித்த பந்து இடப்பக்க வேலியைத் தாண்டியது. வைல்ட் கார்டு ரேஸுக்குப் போனது. வெண்ணெய் திரண்டு வந்தது, தாழி உடைந்தது.

அன்றிரவு நானும் உங்களைப் போலவே யாங்கீஸைத் திட்டினேன். ரிவேராவை ஏன் அனுப்பவில்லை என்று கத்தினேன். இன்று அப்படி நினைக்கவில்லை. யாங்கீஸ் ஏற்கெனவே பிரிவை வென்றுவிட்டது. அக்டோபரில் நடக்கும் இறுதிக்கட்ட ஆட்டங்களுக்காகத் தன் பந்து வீச்சாளர்களின் தோளைக் காப்பாற்றுவது அதன் கடமை. நம் கணக்கை நேர்செய்யும் பொறுப்பு அதற்கு இல்லை.

அதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் கட்டடத்தில் இருந்த ஒரு பெரியவர். 1978இல் இளைஞராக இருந்தவர். அந்த ஆண்டு ஜூலையில் யாங்கீஸ், ரெட் சாக்ஸைவிட 14 ஆட்டங்கள் பின்தங்கியிருந்தது. செப்டம்பரில் ரெட் சாக்ஸின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்குக்கே வந்து நான்கு ஆட்டங்களையும் வென்றது. நான்கிலும் சேர்த்து யாங்கீஸ் 42 ரன், ரெட் சாக்ஸ் 9. ரெட் சாக்ஸ் கடைசி எட்டு ஆட்டங்களையும் வென்று சமனுக்கு வந்தும், சமனை முறிக்க நடந்த தனி ஆட்டத்தில் யாங்கீஸின் பக்கி டென்ட் அடித்த ஹோம் ரன்னால் 5-4 என்று தோற்றது. 2011இன் அந்த இரவுக்கு மறுநாள் காலை அவரை லிஃப்டில் பார்த்தேன். யாங்கீஸைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஏப்ரலைப் பற்றிப் பேசினார். 2011 பருவத்தில் ரெட் சாக்ஸ் முதல் ஆறு ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. முதல் 12 ஆட்டங்களில் 2 வெற்றிதான். "அதில் ஒன்றை வென்றிருந்தால் நேற்றிரவு தோற்றும் சமனில் நின்றிருப்போம். நான் அந்த ஆட்டங்களைப் பாதியில் அணைத்துவிட்டுத் தூங்கப் போனேன்" என்றார். தானே தோற்றதுபோல இருந்தது அவர் குரல்.

ஏப்ரல் தோல்வியும் செப்டம்பர் தோல்வியும் பட்டியலில் ஒரே எடைதான். ஏப்ரலில் யாரும் தூக்கம் இழப்பதில்லை. செப்டம்பரில் நம்மை வதைப்பது நேற்றைய ஆட்டம் மட்டுமல்ல. வசந்தத்தில் அலட்சியமாகக் கைவிட்ட ஆட்டங்கள் எல்லாம் சேர்ந்துவந்து நிற்கின்றன. அப்போதுதான் அடுத்தவன் தயவுக்குக் கையேந்த வேண்டியிருக்கிறது.

காலையில் முடிவை மட்டும் பார்க்கும் யோசனையை நான் ஏற்கவில்லை. அந்தக் கிராஃபோர்டின் சறுக்கல், அந்த மழை நேரம், யாங்கீஸுக்காக நெஞ்சு அடித்துக்கொண்ட அந்த வெட்கம், இவையெல்லாம் எந்த முடிவுப் பட்டியலிலும் இருக்காது. நான் அவற்றை இழக்க விரும்பமாட்டேன்.

மகனிடம் இன்று மாலையே பேசுங்கள். ஏப்ரல் ஆட்டங்களின் முடிவுகளை அவனோடு சேர்ந்து எடுத்துப் பாருங்கள். ஒரு ரன்னில் தோற்றவற்றை அவனே எண்ணட்டும். பிறகு யாங்கீஸ் ஆட்டத்தைப் போடுங்கள். அவன் எழுந்துபோனால் போகட்டும், கதவை மட்டும் திறந்தே வைக்கச் சொல்லுங்கள். ஸ்கோர் அவன் காதிலும் விழ வேண்டும்.