கத்லாப் கேள்வி பதில்: பூச்சியம் பிழைத்தால் கணக்கும் பிழை

உவர்மலை, உயர்தர உயிரியல் மாணவி: கத்லாப்பில் (இதயத்துக்குள் குழாய் செலுத்திச் சோதிக்கும் அறை) வைத்தியர்தான் குழாயை இதயத்துக்குச் செலுத்துகிறார். கண்ணாடிக்கு அப்பால் கணினி முன் இருக்கும் தொழில்நுட்பவியலாளருக்கு என்ன வேலை?

வைத்தியரின் கண் எக்ஸ்ரே படத்தில் இருக்கும். அந்த நேரம் முழுக்க இதயத்தின் மின் அலையைக் காட்டும் ஈசீஜியையும் இரத்தக் குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தையும் கண்வெட்டாமல் பார்ப்பவர் தொழில்நுட்பவியலாளர்தான். வேலை நோயாளி உள்ளே வரும் முன்பே தொடங்கிவிடும். இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியான டிஃபிப் இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நிறை, கிரியற்றினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), ஒவ்வாமை எல்லாம் பதிய வேண்டும்.

ஈசீஜி ஸ்டிக்கர் ஒட்டுவதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் வந்தவரின் தோலில் வியர்வை இருக்கும், பலருக்குத் தேங்காய் எண்ணெயும் இருக்கும். அதன்மேல் ஒட்டினால் பாதியில் கழரும். அப்போது நோயாளி கிருமி நீக்கிய துணிக்குள் இருப்பார், கைவிட்டுச் சரிசெய்ய வழியில்லை. துடைத்து, உலர்த்தி, கோஸ் துணியால் தோல் இலேசாகச் சிவக்கத் தேய்த்த பிறகு ஒட்டுங்கள். இதயத்தின் மேல் வேண்டாம், தோளிலும் இடுப்புப் பக்கமும் ஒட்டினால் படத்தில் விழாது.

கிண்ணியா, பயிற்சியில் இருப்பவர்: டிரான்ஸ்டியூசரை (குழாயில் உள்ள திரவத்தின் வழியே அழுத்தத்தை அளக்கும் கருவி) நெஞ்சின் நடு உயரத்தில் வை என்று ஓயாமல் சொல்கிறார்கள். இரண்டு விரல் மாறினால் என்ன?

இரண்டு விரல் என்றால் 3, 4 சென்ரிமீற்றர். 13.6 மில்லிமீற்றர் நீரின் உயரம் 1 மில்லிமீற்றர் இரசத்துக்குச் சமம். ஆகவே உங்கள் இரண்டு விரல் 2 முதல் 3 மில்லிமீற்றர் இரசம் வரை பிழை தரும். பெருநாடியில் 120 என்பது 123 ஆனால் பெரிய நட்டமில்லை. இடது இதயவறை விரிந்து முடியும்போது இருக்கும் அழுத்தமோ வழமையில் 12 அளவுக்குள். அங்கே 3 கூடினால் நல்ல இதயமும் நோயுள்ள இதயம்போலத் தெரியும். 10 சென்ரிமீற்றர் தாழ்ந்தால் 7க்கு மேல் கூட்டிக் காட்டும், உயர்ந்தால் அதே அளவு குறைத்துக் காட்டும்.

டிரான்ஸ்டியூசர் தனிக் கம்பத்தில் இருக்கிறதா, மேசையிலேயே பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கம்பத்தில் இருந்தால், மேசையை உயர்த்தியவுடன் அது தானாகவே தாழ்ந்துவிட்டது என்று அர்த்தம். மறுபடி உயரம் பாருங்கள்.

பூச்சியம் எடுக்கும்போது, அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தை 0 என்று கருவிக்குக் காட்டும்போது, அடிக்கடி நடக்கும் பிழை மூடியில்தான். நோயாளிப் பக்கத்தை அடைத்து, டிரான்ஸ்டியூசரைக் காற்றுக்குத் திறக்க வேண்டும். காற்றுத் துளை இல்லாத மூடியைக் கழற்ற மறந்துவிட்டால், உள்ளே அடைபட்ட அழுத்தத்தையே கருவி பூச்சியம் என்று எடுத்துக்கொள்ளும். பிறகு வரும் ஒவ்வொரு எண்ணும் பொய். கோடு 0இல் நேராக ஓடுவதைக் கண்ணால் கண்ட பிறகே மூடுங்கள்.

அடுத்தது காற்றுக் குமிழி. அரிசி மணியளவு போதும். திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். அதனால் அலையின் கூர்மை மழுங்கி, மேல் அழுத்தம் குறைந்தும் கீழ் அழுத்தம் கூடியும் தெரியும், சராசரி மட்டும் பெரிதாக மாறாது. சேலைன் பையை 300 மில்லிமீற்றர் இரச அழுத்தத்தில் வைத்து, குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு மூவழித் திருகையும் விரலால் தட்டியபடி சேலைனை ஓடவிடுங்கள். குமிழி ஒளிவது திருகின் மூட்டுகளில்தான். எண் கெடுவதோடு இது நிற்காது. அந்தக் காற்று இதயத்தசைக்கு இரத்தம் கொடுக்கும் முடியுரு நாடிக்குள் போனால் ஈசீஜியில் எஸ்.ரீ. பகுதி (இதயத்தசைக்கு இரத்தம் போதாததைக் காட்டும் இடம்) உயரலாம், துடிப்பும் விழலாம்.

நிலாவெளி, தாதி: கதீற்றர் (இதயத்துக்குச் செலுத்தும் குழாய்) முடியுரு நாடியின் வாயில் நுழைந்ததும் அழுத்தம் படாரென்று விழுகிறது. தொழில்நுட்பவியலாளர் ஏன் சத்தமாகக் கத்துகிறார்?

கத்தத்தான் வேண்டும். அந்த நொடியில், எக்ஸ்ரேயில் நாடியைக் காட்டும் நிறமருந்தைச் செலுத்தினால் நாடிச் சுவர் கிழியலாம், இதயம் வி.எஃப். ஆக, அதாவது இரத்தத்தை வெளியே தள்ளாமல் ஒழுங்கற்று, துடிக்கலாம். கதீற்றர் ஆழமாகப் போயிருக்கலாம், சுவரில் முட்டியிருக்கலாம், நாடியின் வாயே சுருங்கியிருக்கலாம். கீழ் அழுத்தம் மட்டும் வீழ்ந்து, அலை இதயவறையின் அலைபோல மாறினாலும் எச்சரிக்கை அதேதான். "அழுத்தம் விழுந்துவிட்டது" என்று சொன்னவுடன் வைத்தியர் மருந்தை நிறுத்திக் குழாயைப் பின்னுக்கு இழுப்பார்.

வி.எஃப். வந்துவிட்டால் டிஃபிப்பின் சிங்க் பொத்தான் (இதயத் துடிப்போடு சேர்த்து அதிர்ச்சி கொடுக்க வைப்பது) அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிங்க் எரிந்தால் கருவி, ஈசீஜியில் ஒவ்வொரு துடிப்பிலும் கூராக எழும் ஆர் அலையைத் தேடிக் காத்திருக்கும். வி.எஃப்.இல் ஆர் அலை ஏது? எவ்வளவு அழுத்தினாலும் மின்னதிர்ச்சி போகாது. மின்னோட்டம் இரு திசையிலும் போகும் பைஃபேசிக் கருவியில் வழமையாக 150 முதல் 200 ஜூல்.

தம்பலகாமம், ஒரு தாய்: மகள் இந்த வேலைக்குப் போகிறாள். கதிர்வீச்சை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது, ஆனால் அதைக் கட்டுப்படுத்த வழி உண்டு. கதிர் சிதறுவது பெரும்பாலும் நோயாளியின் உடலில் இருந்து. 1 மீற்றரில் இருந்து 2 மீற்றருக்குத் தள்ளி நின்றால் ஏறத்தாழ கால்வாசிதான் வரும். ஈய அங்கியைக் கதிரையில் மடித்துப் போடவே கூடாது, மடிந்த இடத்தில் உள்ளே வெடிக்கும், வெளியே தெரியாது. தொங்கவிடச் சொல்லுங்கள். கழுத்துக் கவசமும் கதிர் அளவி அட்டையும் ஒரு நாளும் விடக்கூடாது. கர்ப்பம் என்று தெரிந்த அன்றே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். அதன் பிறகு மீதிக் காலம் முழுதும் சிசுவுக்கு 1 மில்லிசீவேர்ட்டைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேசப் பரிந்துரை. அதை அளக்க அங்கிக்கு உள்ளே இடுப்பில் இன்னொரு அட்டை கேட்டு வாங்கட்டும்.