கடல்நீர்த் தொட்டிச் சுவர்: பூசிய இடத்தைச் சுற்றியே ஏன் துரு?

போன வருடம் பூசிய ஒட்டு அப்படியே இருக்க, அதைச் சுற்றித்தான் புதுத் துருக்கறையும் வெடிப்பும் என்கிறீர்கள். வியப்பில்லை. பழைய கான்கிரீட்டில் கடலுப்பிலிருந்து வரும் குளோரைடு ஊறிக் கிடக்கிறது, புதுப் பூச்சுக்குள் போன கம்பி தப்பித்துக்கொள்ள அடுத்திருக்கும் கம்பி வேகமாகத் துருப்பிடிக்கிறது.

சரி, இந்த முறை வெடித்த இடத்தோடு நிறுத்தாமல் துரு முடிகிற வரை கம்பியைத் தொடர்ந்து போய், அதன் பின்பக்கமும் சுமார் 20 மி.மீ. கொத்தி, மணல் வீசிப் பளிச்சென்று இரும்பு தெரியும் வரை சுத்தம் செய்து, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கம்பி பிரஷ் போதவே போதாது, குழிக்குள் உப்பு தங்கிவிடும். ஒட்டின் ஓரமாகக் கம்பியில் துத்தநாக ஆனோடு (கம்பிக்குப் பதிலாகத் தானே அரிந்துபோகும் துண்டு) கட்டிவிட்டு மூடுங்கள். கம்பி மெலிந்திருந்தால் முதலில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள், தண்ணீர் நிற்கும் சுவர் அது.

அப்புறம், உட்புறப் பூச்சில் செம்பு இருக்கவே கூடாது. பவளம், இறால் எல்லாம் தாங்காது.