சர்க்கரையும் மதிப்பெண்ணும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு இரண்டும் எடுக்கிறேன். தினமும் நாலைந்து முறை குத்திப் பார்ப்பேன். போன வாரம் ஒரு நாள் இரவு 118 காட்டியது. எதற்கு வம்பு என்று மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் படுத்தேன். விடிந்து பார்த்தால் 171. உடனே மறுபடி பார்த்தேன், 158. மூன்றாவது முறை 166. அன்று முழுக்க யாரிடமும் முகம்கொடுத்துப் பேசவில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c சோதனையில் 7.1 சதவீதம். மூலிகைப் பொடி ஒன்றும் சாப்பிடுகிறேன். கையில் ஒட்டும் சென்சார் வாங்கினால் நிம்மதி கிடைக்குமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

7.1 வைத்திருப்பவர் நாள் முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். பெரும்பாலான பெரியவர்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் இலக்கே 7க்குக் கீழ் என்பதுதான். வீட்டிலிருப்பவர்கள் பாவம்.

முதலில் திட்ட வேண்டியதைத் திட்டிவிடுகிறேன். கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளும் மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு பட்டினியாகப் படுத்தால் நடுராத்திரியில் சர்க்கரை 70க்குக் கீழே போகலாம், தூக்கத்தில் தெரியாமலும் போகலாம். 171 உங்களை ஒன்றும் செய்துவிடாது. அந்த இரவு செய்திருக்கும். இனி ஒரு வேளை சாப்பிட முடியாது என்றால் அந்த மாத்திரையை என்ன செய்வது என்பதை மருத்துவரிடம் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்துவிட்டால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை, இன்னும் 70க்குக் கீழே என்றால் மறுபடி அதே அளவு. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

பொடியைப் பற்றிப் பேச எனக்கு நேரமில்லை.

அந்த மூன்று எண்களுக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். 171, 158, 166 மூன்றும் வேறு வேறு என்று நீங்கள் பதறுகிறீர்கள். மீட்டரின் கணக்கில் அவை ஒரே எண். ஐஎஸ்ஓ 15197 என்ற தரவிதி 2013இல் திருத்தப்பட்டபோது சொன்னது இது: 100க்கு மேற்பட்ட அளவுகளில், நூற்றுக்கு 95 சோதனைகள் ஆய்வகம் காட்டும் அளவுக்கு 15 சதவீதம் முன்னே பின்னே வந்தால் போதும். அதாவது உண்மையில் 160 இருந்தால் 136 காட்டினாலும் 184 காட்டினாலும் மீட்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அதை மதிப்பெண் பட்டியல்போல வைத்துக்கொண்டு பாஸா ஃபெயிலா என்று பார்க்கிறீர்களே!

இது நல்ல ஸ்ட்ரிப் (ரத்தச் சொட்டை வைக்கும் பட்டை), சுத்தமான விரல் என்று வைத்துக்கொண்ட கணக்கு. பழத்தை உரித்த கையோடு குத்திப் பாருங்கள், இல்லாத சர்க்கரையெல்லாம் வந்து நிற்கும். சானிடைசர் தடவினால் அது முழுதாகப் போகாது. சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்து எண் குறையும். கழுவ வழியில்லையென்றால் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவதை வையுங்கள். விரலைப் போட்டுப் பிழியாதீர்கள். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தே வைத்தால் காற்றின் ஈரம் குடித்து எல்லா ஸ்ட்ரிப்பும் கெடும்.

அப்புறம், ஒற்றை எண் எதையும் சொல்லாது, ஜோடியாகப் பார்த்தால்தான் பேசும். ஏதாவது ஒரு வேளையை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் முன் ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்தில் இன்னொன்று. மூன்று நாள் அதே சாப்பாடு. பிந்தையது 180ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள்: மாவுச்சத்தில் கால்பங்கு குறையுங்கள், அல்லது சாப்பிட்டதும் 15 நிமிடம் நடங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. மறுபடி மூன்று நாள். அடங்கிவிட்டால் அந்த வேளையை மறந்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நாளுக்கு இரண்டு குத்துதான். (இன்சுலின் போடுபவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.)

சாப்பிடாமலே காலையில் ஏறியது எப்படி? ஈரல். விடிகாலையில் கார்டிசோல் போன்ற ஹார்மோன்கள் ஏற, அது சேமிப்பிலிருந்து குளுக்கோஸை எடுத்துவிடும். தொடர்ந்து இப்படியே வந்தால் இரண்டு மூன்று நாள் படுக்கும்போது, மூன்று மணிக்கு, எழுந்ததும் என்று பார்த்துக் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று மணிக்குத் தாழ்ந்திருந்தால் மாத்திரையின் அளவைப் பற்றிப் பேச வேண்டும், உங்கள் வாயைப் பற்றியல்ல.

சென்சார் நல்ல கருவிதான். இரவில் தாழ்கிறதா என்று பார்க்க உங்களுக்கு உதவும். ஆனால் அது தோலடி நீரைப் பார்ப்பதால் ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கும். அதன்மேல் அழுத்திப் படுத்தால் பொய்யாகத் தாழ்வு காட்டும். நாலைந்து எண்ணுக்கே இந்தப் பாடு படுபவருக்குச் சில நிமிடத்துக்கு ஒரு எண் வரப்போகிறது. முதலில் ஒரு மாதம் ஜோடியாகக் குத்திப் பாருங்கள், பிறகு வாங்கலாம்.