வீட்டில் பக்கவாத நோயாளி, இரவில் கேஷுவாலிட்டி டூட்டி: ஒரு செவிலியரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் கேஷுவாலிட்டியில் ஸ்டாஃப் நர்ஸாகப் பணிபுரிகிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் இன்னும் சரியாக இயங்கவில்லை, பேச்சும் திரும்பவில்லை. வயதான மாமியாரும் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளும்தான் அவரைப் பார்த்துக்கொள்கிறார்கள். சென்ற வாரம் நைட் டூட்டியில், விடியற்காலை நேரத்தில், மருந்து கலக்க எடுக்க வேண்டிய டிஸ்டில்ட் வாட்டருக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு ஆம்ப்யூலை உடைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த சிஸ்டர் பார்த்துத் தடுத்தார். "வீட்டுக் கவலையை வாசலிலேயே விட்டுவிட்டு வா" என்கிறார் ஹெட் நர்ஸ். அது எப்படி என்றுதான் எனக்குத் தெரியவில்லை. என் சம்பளத்தில்தான் குடும்பம் நடக்கிறது. கேஷுவாலிட்டியிலிருந்து மாற்றல் கேட்கலாமா? கேட்டால் சாக்குச் சொல்கிறேன் என்று நினைக்க மாட்டார்களா?

பதில்: சகோதரிக்கு வணக்கம். மாற்றல் பற்றிய கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் உங்கள் ஹெட் நர்ஸ் சொன்ன அறிவுரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதே அறிவுரையைத்தான் நம் மருத்துவமனைகளில் தலைமுறை தலைமுறையாக எல்லோரும் எல்லோருக்கும் சொல்லிவருகிறோம். நல்ல எண்ணத்தில் சொல்லப்படுவதுதான் என்றாலும், அது நடைமுறையில் இயலாத ஒன்று. அவசர சிகிச்சைப் பணி முழுவதும் ஒரே நேரத்தில் நான்கைந்து விஷயங்களை மனதில் ஏந்தி வைத்திருப்பதை நம்பியே நடக்கிறது: மூன்றாம் படுக்கைக்கு எத்தனை மணிக்கு மருந்து போட்டோம், ஐந்தாம் படுக்கையின் ரத்த அழுத்தம் கடைசியாக என்ன, டாக்டர் வாய்மொழியாகச் சொன்ன அளவு எவ்வளவு என்பவையெல்லாம் எழுதி முடிக்கும்வரை மனதில்தான் நிற்கின்றன. கவலையும் அதே இடத்தில்தான் உட்காருகிறது. அதை வாசலில் விட்டுவிட்டதாக நீங்கள் நம்பிக்கொண்டு உள்ளே வருவது, விடாமல் வந்திருக்கிறேன் என்று தெரிந்து வருவதைவிட ஆபத்தானது.

இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் ஒரு வேறுபாடு கிடைக்கிறது. பல ஆண்டுப் பழக்கத்தில் கை தானாகச் செய்யும் வேலைகள் (ஊசி வழி போடுவது, ரத்த மாதிரி எடுப்பது, இ.சி.ஜி. எடுப்பது, காயத்தைச் சுத்தம் செய்து கட்டுவது) மனம் கலங்கியிருக்கும் நாளிலும் பெரும்பாலும் பிசகுவதில்லை. கணக்குப் போட வேண்டியவையும், நிமிடத்துக்கு நிமிடம் பார்த்து அளவை மாற்ற வேண்டியவையும்தான் முதலில் பிசகுகின்றன. நம் பக்கத்துக் கேஷுவாலிட்டிகளில் அப்படிப்பட்ட வேலை குறைவில்லை. பூச்சிமருந்து குடித்து வந்தவருக்கு அட்ரோபின் கொடுக்கும்போது, நுரையீரலில் நீர்க்கோர்ப்பும் இரைப்பும் அடங்கும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து ஓடும்போது முதல் சில நிமிடங்கள் ஒவ்வாமைக்காகக் கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டியிருக்கிறது. குழந்தைகளுக்கு எல்லாமே எடைக்கு எடை கணக்கு. தொப்பூர் கணவாயில் லாரி மோதிய இரவுகளில் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலிருந்து நாலைந்து பேர் ஒன்றாக வந்து இறங்கினால், இவை எல்லாவற்றோடும் அதுவும் சேர்ந்துகொள்கிறது.

ஆகவே டூட்டிக்கு வரும்போது உங்களை நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது, "இன்று என்னால் தாங்க முடியுமா" என்பதன்று. தாங்கிவிடுவீர்கள், இரண்டு மாதமாகத் தாங்கிக்கொண்டுதானே இருக்கிறீர்கள். "இன்றிரவு எந்த வேலை என் கையில் பத்திரம், எது பத்திரமில்லை" என்று கேளுங்கள். விமானிகள் பறப்பதற்கு முன் உடல்நலம், உட்கொண்ட மருந்து, மன அழுத்தம், மது, தூக்கம், சாப்பாடு ஆகியவற்றை வரிசையாகத் தங்களுக்குள் சரிபார்த்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. மருத்துவப் பணிக்கும் அதை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓவர் (முந்தைய ஷிஃப்டிடமிருந்து பொறுப்பு) எடுப்பதற்கு முன் உடை மாற்றும் அறையில் ஒரு நிமிடம் இதற்குப் போதும்.

அந்த ஒரு நிமிடத்தில் கிடைத்த பதிலை அன்றைய ஷிஃப்டில் ஒரே ஒருவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்பதே நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி. குடும்பக் கதை முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் இரக்கம் கிடைக்கும், ஆனால் வேலைப் பங்கீடு கிடைக்காது. "சிஸ்டர், இன்று பகலில் எனக்குத் தூக்கம் இல்லை. சிவப்புப் பகுதியில் மருந்து கணக்கு என்னிடம் வேண்டாம், பச்சைப் பகுதியையும் டிரெஸ்ஸிங்கையும் நான் முழுக்கப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். உயிராபத்தில் இருப்பவர்கள் சிவப்பு, அடுத்தவர்கள் மஞ்சள், லேசான நிலையில் இருப்பவர்கள் பச்சை என்று நோயாளிகளைத் தரம் பிரிக்கும் முறை இருக்கும் இடத்தில் ஆட்களை இப்படிப் பிரித்துக்கொள்வது கடினமில்லை. எதை எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதால், நீங்கள் அஞ்சுகிற "சாக்கு" என்ற பேச்சுக்கு அங்கே இடமே இருப்பதில்லை. ஆட்பற்றாக்குறையால் பங்கீடு முடியாத இரவும் வரும். அப்போது குறைந்தபட்சம், ஆபத்தான மருந்துகள் எதையும் இருவர் பார்க்காமல் போடுவதில்லை என்று இருவரும் பேசிக்கொள்ளுங்கள்.

அப்படி இருவர் பார்ப்பதை நாம் பெரும்பாலும் தவறாகவே செய்கிறோம். "அட்ரினலின் அரை மில்லி, சரிதானே?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் தலையாட்டிவிடுவார், நள்ளிரவில் எல்லோரும் தலையாட்டுவார்கள். விடையைச் சொல்லாமல் நோயாளியின் எடையையும் டாக்டரின் உத்தரவையும் மட்டும் காட்டி, அவரைத் தனியாகக் கணக்கிடச் சொல்ல வேண்டும். இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் சிரிஞ்சில் ஏற்ற வேண்டும். இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம், மார்ஃபின் வகை மருந்துகள், குழந்தைகளுக்குரிய எந்த அளவும் இந்தப் பட்டியலில் வரும்.

அந்தப் பொட்டாசியம் ஆம்ப்யூல் விஷயத்தில், முழுக் குற்றத்தையும் நீங்கள் உங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொள்வதை நான் ஏற்கவில்லை. கலக்காத பொட்டாசியம் குளோரைடை நேராக ரத்தக்குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும் என்பது நர்சிங் முதலாண்டிலேயே படிப்பது. அதனால்தான் அதை மற்ற ஆம்ப்யூல்களோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது, தனியாகப் பூட்டி, தெளிவாகப் பெயர் ஒட்டி வைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் வலியுறுத்துகிறது. அது டிஸ்டில்ட் வாட்டருக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது என்றால், வீட்டில் எந்தக் கவலையும் இல்லாத ஒருவரும் ஒருநாள் அதை எடுத்திருப்பார். நடந்ததை ஹெட் நர்ஸிடம் எழுத்தில் கொடுங்கள், தட்டை மாற்றியமைக்க வேண்டும் என்ற கோரிக்கையோடு. நோயாளிக்குத் தீங்கு நேராத நிலையில் தாமாக முன்வந்து சொல்பவரைக் கண்டிப்பது நல்ல நிர்வாகம் ஆகாது. கண்டித்தால் அடுத்த முறை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அடுத்தது தூக்கம். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, ஆனால் விடியற்காலையில் நடந்தது என்ற ஒரு குறிப்பே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. இரவு டூட்டி முடித்துக் காலையில் வீட்டுக்குப் போய், கணவரைக் குளிப்பாட்டி, உணவு ஊட்டி, பிசியோதெரபிக்கு அழைத்துப்போய், மதியம் கண்ணயர நேரமில்லாமல் மறுபடி இரவு டூட்டிக்கு வருபவர் எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கவனமும் ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவருடையதைப் போல் தடுமாறுகின்றன என்பதை 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் மேல்வரம்பே 0.03 விழுக்காடுதான். அதாவது மது அருந்தியிருந்தால் வண்டியைப் பிடுங்கி வைத்துக்கொள்ளக்கூடிய நிலையில் இருப்பவரிடம் நாம் மருந்துத் தட்டைக் கொடுக்கிறோம். இரவு டூட்டி நாட்களில் பகலில் குறைந்தது ஒரு தொடர்ச்சியான தூக்கத்துக்கு, நான்கு மணி நேரமாவது, வீட்டில் யாரையாவது பொறுப்பாக்குங்கள்; பணம் கொடுத்து உதவிக்கு ஆள் வைக்க முடிந்தால், அந்தச் செலவுக்கு முதல் இடம் இந்த நான்கு மணி நேரமே. டூட்டிக்குக் கிளம்புமுன் அரை மணி நேரம் படுத்தெழுவதும் விடியற்காலையில் உதவும். தொடர் இரவுகளைப் பிரித்துத் தரும்படி கேளுங்கள். காலையில் கண் எரியும் நாளில் ஸ்கூட்டரை மருத்துவமனையிலேயே விட்டுவிட்டுப் பேருந்தில் போங்கள்.

டூட்டியின்போது வீட்டுத் தொலைபேசி ஒலிக்குமோ என்ற எதிர்பார்ப்பு, ஒலிப்பதைவிட அதிகமாகக் கவனத்தைத் தின்னும். அழைப்பதற்கு இரண்டு நேரங்களைக் குறித்துவிடுங்கள். பக்கத்து வீட்டிலோ உறவிலோ பெரியவர் ஒருவரைப் பொறுப்பாக்கி, மாமியாரும் மகளும் முதலில் அவரைக் கேட்கட்டும். முகம் கோணுதல், கை விழுதல், பேச்சு மேலும் குழறுதல், வலிப்பு, நினைவு தப்புதல் ஆகியவற்றில் எது வந்தாலும் உங்களை அழைத்துவிட்டுக் காத்திருக்காமல் முதலில் 108ஐ அழைக்க வேண்டும் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்துக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள்தான் பயன்படும், நீங்கள் அழைப்பை எடுக்கும்வரை காத்திருந்து அதை இழந்துவிடக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது. மாவட்டத் தலைநகரிலோ பாலக்கோடு, பென்னாகரம், அரூர் போன்ற ஊர்களிலோ பணிபுரிபவருக்கு என்றைக்காவது ஒருநாள் சொந்தக்காரரே ஸ்ட்ரெச்சரில் வந்து இறங்குவார். உங்கள் கணவருக்கே மறுபடி ஏதேனும் ஆனால் 108 வண்டி உங்கள் கேஷுவாலிட்டி வாசலில்தான் வந்து நிற்கும். தனக்கும் தன் நெருங்கிய உறவுக்கும் தானே சிகிச்சை செய்வதை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்று பிரிட்டன் மருத்துவக் கவுன்சிலின் நெறிமுறை சொல்கிறது. காரணம் பாசம் குறைவது அன்று, கூடுவதுதான். வேண்டிய பரிசோதனையைப் பயத்தில் தள்ளிப்போடுவோம், வேண்டாததை எல்லாம் செய்யச் சொல்வோம், வலிக்கும் என்று ஊசியைத் தயங்குவோம். அந்த நிமிடத்தில் செய்ய வேண்டியது, "இவர் என் கணவர், நான் இப்போது டூட்டியில் இல்லை, படுக்கையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சத்தமாகச் சொல்லிக் கையுறையைக் கழற்றிவிடுவது. பிறகு உறவினராக நின்று, அவர் சாப்பிடும் மாத்திரைகள், கடைசியாக நன்றாக இருந்த நேரம், ஒவ்வாமை ஆகியவற்றைச் சொன்னால், வேறு யாராலும் தர முடியாத உதவி அது.

இரவில் ஒரே டாக்டரும் ஒரே நர்ஸும் இருக்கும் தாலுகா மருத்துவமனையில் இப்படி ஒதுங்க முடியாது. மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம் என்று வரிசை மாறாமல், சுவரில் ஒட்டியிருக்கும் நெறிமுறையை வாய்விட்டுப் படித்துக்கொண்டே செய்யுங்கள். நினைவை நம்ப வேண்டாம். ஒரு கை அதைச் செய்யும்போதே மேல் மருத்துவமனைக்கும் 108க்கும் அழைப்பு போயிருக்க வேண்டும்.

இந்தப் பகுதியைப் படிக்கும் டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. என் அனுபவத்தில் செவிலியர்கள் தமக்குள்ளாவது பேசிக்கொள்கிறார்கள். டாக்டர்கள் அதையும் செய்வதில்லை. தந்தை இறந்து பதினாறாம் நாள் முடிவதற்குள் டூட்டிக்கு வந்து, யாரிடமும் சொல்லாமல் கேஸ் பார்க்கும் பட்டமேற்படிப்பு மாணவர்கள் உண்டு. பட்டமேற்படிப்பு மாணவர்களின் பணி வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரம் ஒருநாள் ஓய்வு வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் பரிந்துரைத்தது. அந்த எண்ணே பெரியதுதான், ஆனால் துறைத்தலைவரிடம் கேட்க ஒரு பிடிமானமாவது இருக்கிறது.

விடுப்பைச் சிதறவிடாதீர்கள். நிரந்தரப் பணியில் இருந்தால் ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் நாட்களுக்கும், முந்தைய இரவு சுத்தமாகத் தூக்கமில்லாத நாட்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஈட்டிய விடுப்பை மகளின் தேர்வோ கணவரின் அடுத்த சிகிச்சைக் கட்டமோ வரும்போது ஒன்றாக எடுங்கள். ஒப்பந்தப் பணி என்றால் நியமன ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலில் படித்துப் பாருங்கள். அதே சமயம், வீட்டைவிட டூட்டியில் மனம் லேசாக இருக்கிறது என்று தோன்றினால் அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். பலருக்கு அப்படித்தான் இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லாமலிருந்தால், காரணமின்றி அழுகை வந்தால், வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும்கூட, மனநல மருத்துவரைப் பாருங்கள். கூட வேலை செய்பவர்கள் பார்த்துவிடுவார்களே என்று தயக்கமாக இருந்தால் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் இருப்பவர்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் அருகில் இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். வார்டு இருப்பிலிருந்து தூக்க மாத்திரை எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை மட்டும் தொடங்கிவிடாதீர்கள். மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதே நம் தொழிலில் உள்ளவர்களுக்குத் தனி ஆபத்து.

இனி மாற்றல். நிரந்தர மாற்றல் இப்போது கேட்காதீர்கள். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சிலும் கைகால் இயக்கத்திலும் கூடுதலான முன்னேற்றம் முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில்தான் தெரியும். அதற்குள் உங்கள் வீட்டு நிலையே வேறாகிவிடலாம், கேஷுவாலிட்டி அனுபவம் உள்ளவரை இழப்பது மருத்துவமனைக்கும் நஷ்டம். மூன்று மாதத்துக்கு மட்டும் புறநோயாளிகள் பிரிவிலோ, அது முடியாவிட்டால் கேஷுவாலிட்டியிலேயே பகல் ஷிஃப்டிலோ பணி கேட்டு விண்ணப்பம் எழுதுங்கள். கணவரின் டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் நகலை இணையுங்கள்; தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் குறிப்பிடுங்கள்; உங்களோடு ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள ஒருவர் சம்மதித்திருந்தால் அவருடைய கையெழுத்தையும் வாங்குங்கள். செவிலியர் கண்காணிப்பாளருக்கு எழுதி, நிலைய மருத்துவ அலுவலருக்கு ஒரு நகல் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை உங்கள் நகலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாத டூட்டிப் பட்டியல் தயாராவதற்கு முன்பே அது அவர்கள் மேசையில் இருக்க வேண்டும்.