பட்டியலிட்ட கம்பெனிக்குத்தான் அவசரப் புத்தியா?

பங்குச் சந்தைப் பட்டியலில் உள்ள கம்பெனிகள் அடுத்த காலாண்டை மட்டும்தான் பார்க்கும், பட்டியலில் இல்லாத தனியார் கம்பெனிகள்தான் தூரத்தைப் பார்க்கும் என்கிறார்களே, சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி.

பட்டியலில் உள்ள ஒரு கம்பெனியின் திருநெல்வேலி கிடங்கில் ஆறு வருஷம் கணக்குப் பார்த்தேன். மார்ச் கடைசி வாரம் வந்தால் டீலர்களுக்குப் போன் மேல் போன் போகும். "அண்ணாச்சி, நூறு பெட்டி கூட இறக்கிக்கிடுங்க, அப்புறம் பாத்துக்கிடலாம்." வண்ணார்பேட்டையில் ஒருவர் வைக்க இடமில்லாமல் வீட்டுத் திண்ணையில் அடுக்கியிருந்தார். பில் மார்ச்சில் விழும், அந்தக் காலாண்டு விற்பனை கூடுதலாகத் தெரியும், பாதிச் சரக்கு மே மாதம் திரும்பி வரும்.

எங்கள் மேலாளர் கெட்டவர் இல்லை. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் முடிவுகளை வெளியிட வேண்டும், ஆண்டுக் கணக்கென்றால் 60 நாள். எண் குறைந்தால் மேலிருந்து கேள்வி வரும். அமெரிக்கக் கம்பெனிகளின் நிதி அதிகாரிகளிடம் எடுத்து 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், லாபம் ஏற்ற இறக்கமில்லாமல் தெரிந்தால் போதும், அதற்காக நிறுவனத்தின் மதிப்பில் கொஞ்சம் போனாலும் சரி என்று 78 சதவீதம் பேர் ஒத்துக்கொண்டார்கள். படித்தபோது அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வந்தது.

தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் சோஹோ என்ற மென்பொருள் கம்பெனி 2011-ல் ஆபீஸ் போட்டது. பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தருகிறார்கள். அந்தச் செலவு பலன் தர வருஷங்கள் ஆகும். அது பட்டியலில் இல்லாத கம்பெனி, அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சந்தைக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் ஊரிலேயே இருந்து வேலை பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் தனியார் என்றாலே பொறுமை என்று சொல்ல மாட்டேன். அடுத்து நான் போனது அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு குடும்பத்து அரிசி ஆலை. பாய்லரை மாற்றச் சொல்லி மூன்று வருஷம் கேட்டோம். லாபமெல்லாம் வீடு கட்டவும் நிலம் வாங்கவும் போனது. நான்காம் வருஷம் அறுவடை நேரத்தில் பாய்லர் நின்றது, வந்த நெல்லை அவிக்க வழியில்லை. அமேசானோ 1997-ல் பட்டியலுக்கு வந்து, 2003-ல்தான் முதன்முறையாக முழு ஆண்டு லாபம் காட்டியது. அதுவரை காத்திருக்கச் சம்மதித்த பங்குதாரர்கள் அதற்குக் கிடைத்தார்கள்.

அதனால் பட்டியலில் இருக்கிறதா என்பதோடு, பணம் போட்டவர் எத்தனை வருஷம் பொறுப்பார், மேலாளருக்கு எதை வைத்து ஊக்கத்தொகை தருகிறார்கள் என்பதையும் பார்ப்பேன்.

அந்த ஆலை பிறகு கடன் வாங்கிப் புது பாய்லர் போட்டது. முதல் வருஷமே மாற்றியிருந்தால் கைக்காசில் முடிந்திருக்கும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.