சின்னத்திரைப் போர்கள் – கடிதம்

வணக்கம் ஐயா,

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. 1970, 80களில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கென்று எடுத்த இரண்டாம் உலகப்போர் சாகசப் படங்களை இணையத்தில் தேடித் தேடிப் பார்க்கிறேன். நாலைந்து பேர், ஒரு வேலை, எதிரியின் எல்லைக்குள் நுழைந்து முடித்துவிட்டு வருவது, இப்படித்தான் எல்லாமே இருக்கின்றன. என் மகன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “டாங்கியை அட்டையில் செஞ்சிருக்காங்களாப்பா?” என்று சிரிக்கிறான். தீவிரமாக வாசிக்கிற நண்பர் ஒருவர், இவை போரை விளையாட்டாகக் காட்டும் குப்பைகள் என்கிறார். வரலாறும் சரியாக இல்லை என்பது எனக்கே தெரிகிறது. ரசனைக் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஏன் இவ்வளவு பிடிக்கிறது? முடிந்தால் பார்க்கத்தக்க படங்களின் பட்டியல் ஒன்றும் தரவும். இதையெல்லாம் உங்களிடம் கேட்பது தவறென்றால் மன்னிக்கவும்.

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

சின்னக் கடிதம், அதில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம், ஒரு மன்னிப்பு. எதற்கு? முப்பது வருஷத்துக்கு மேல் கவுண்டரில் உட்கார்ந்து மற்றவர்களின் பணத்தை எண்ணியிருப்பீர்கள். இப்போது சாயங்காலத்தில் உங்களுக்குப் பிடித்த படத்தைப் பார்க்க ஊரில் எவரிடமும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. தீவிர வாசகர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்களிடம் ஒரு வியாதி உண்டு, அடுத்தவரின் சின்னச் சந்தோஷத்தைப் பார்த்தால் கை அரிக்கும். உங்கள் நண்பருக்கு அது இருக்கிறது. அதைவிட மோசம், நீங்கள் அதை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு உங்களையே சொறிந்துகொள்வது.

மகன் சொன்னதை விடுங்கள். அட்டை டாங்கி என்றால் அட்டை டாங்கிதான். பெரும்பாலும் பழைய சினிமாப் படங்களிலிருந்து வெட்டி ஒட்டிய விமானங்களும் வெடிப்புகளும்தான் அவை, ஒரு காட்சியில் வெயிலும் அடுத்த காட்சியில் மேகமும் இருக்கும். வரலாறு சரியில்லை என்பதும் எனக்குப் பெரிய விஷயமில்லை. ஜெர்மனியின் கோல்டிட்ஸ் கோட்டைச் சிறையில் இருந்த பிரிட்டிஷ் போர்க்கைதிகள் தேவாலயத்துக்கு மேலிருந்த பரணில் ஒளிந்து என்ஜின் இல்லாமல் பறக்கும் ஒரு கிளைடரையே கட்டினார்கள். தரைப்பலகையும் கட்டில் சட்டமும்தான் மரம். மேலே போர்த்திய பருத்தித் துணி விறைப்பாக நிற்க, சாப்பாட்டுக்குக் கொடுத்த சிறுதானியத்தைக் கஞ்சியாகக் காய்ச்சித் தடவினார்கள். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்துவிட்டது, கிளைடர் பறக்கவே இல்லை. 1971இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி ‘தி பேர்ட்மென்’ என்று அதைப் படமாக்கியபோது பறக்கவிட்டார்கள். நான் எடுத்திருந்தாலும் பறக்கவிட்டிருப்பேன். வரலாறு வேண்டுமென்றால் கஞ்சியைப் பற்றிப் படியுங்கள், அது படத்தைவிட நன்றாக இருக்கும்.

நான் இதற்குப் பதில் எழுத உட்கார்ந்தது வேறு காரணத்துக்காக. கொஞ்ச நாளாகவே என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதம் தொட்டுவிட்டது. இந்தப் படங்களில் போரே கிடையாது. யோசித்துப் பாருங்கள். ஏபிசி 1969இல் வாரம் ஒரு புதுப் படம் என்று தொடங்கியபோது கொடுத்த நேரம் ஒன்றரை மணி, விளம்பரம் போக மிஞ்சுவது ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கீழே. கையில் காசு இல்லை, படப்பிடிப்புக்குச் சில வாரம்கூடக் கிடையாது. இதில் நார்மண்டியில் ஒரு லட்சம் பேரை எப்படி இறக்குவது? அதனால் இயக்குநர் என்ன செய்தார் என்றால், கேமராவைக் கொண்டுபோய் ஒரு மனிதனின் மூஞ்சிக்கு முன்னால் வைத்தார். எதிரே இன்னொரு மூஞ்சி. பெட்டியும் சின்னது, அதில் படையைக் காட்டினால் எறும்புக் கூட்டமாகத்தான் தெரியும், முகத்தைக் காட்டினால் பெட்டி நிறைந்துவிடும். வறுமையும் சின்னப் பெட்டியும் சேர்ந்து போரை இரண்டு பேருக்கு நடுவே நடக்கிற வழக்காக மாற்றிவிட்டன. உங்களுக்குப் பிடித்திருப்பது அதுதான், அட்டை டாங்கி இல்லை.

1973இல் வந்த ‘டெத் ரேஸ்’ பார்த்தீர்களா? வட ஆப்பிரிக்கப் பாலைவனம். அடிபட்ட ஒரு பி-40 போர் விமானம், மேலே எழும்ப முடியாது, ஆனால் என்ஜின் ஓடும், சக்கரம் உருளும். எனவே விமானி அதைத் தரையிலேயே ஓட்டிக்கொண்டு போகிறான், பின்னால் ஒரு ஜெர்மன் டாங்கி துரத்துகிறது. கதை மொத்தமும் இதுதான்! எந்தப் பெரிய ஸ்டூடியோவிடமாவது போய் இந்தக் கதையைச் சொன்னால் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆனால் டாங்கிக்குள் ஜெர்மன் தளபதியாக லாயிட் பிரிட்ஜஸ் இருக்கிறார், துரத்துவதற்கு ராணுவக் காரணம் ஏதும் மிச்சமில்லாத பிறகும் விடமாட்டேன் என்கிறார். அந்தப் பிடிவாதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நம் ஊரில் வரப்புத் தகராறுக்காக மூன்று தலைமுறை கோர்ட்டுக்கு நடந்தவர்களைப் பார்த்திருக்கிறவனுக்கு அந்த முகம் புதிதே இல்லை.

இந்தக் கிறுக்கு எனக்கு எங்கே தொடங்கியது என்றும் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் கடைசி. எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம், முதல் நாள் ராத்திரி டெக் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அந்தத் தலைமுறைக்காரர் நீங்கள், விளக்க வேண்டியதில்லை. முதலில் ரஜினி, அப்புறம் பெரியவர்களுக்காகச் சிவாஜி, அப்புறம் என்னவோ ஒரு சாமி படம். கடைக்காரர் ஓசியாகக் கொடுத்த இன்னொரு கேசட்டும் இருந்தது, மேலே ஒட்டியிருந்த பெயருக்கும் உள்ளே இருந்த படத்துக்கும் சம்பந்தமில்லை. விடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது அதைப் போட்டோம். பந்தலில் எல்லோரும் சுருண்டு கிடக்க, விழித்திருந்தது நானும் என் அம்மாவின் சித்தப்பாவும்தான். அவர் பாலம் போடுவது, கண்ணிவெடி அகற்றுவது போன்ற வேலை பார்க்கும் ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர், போர்க்காலத்தில் இத்தாலியில் பாலம் போட்டவர். வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஓடியது ‘தி ஸ்கார்லெட் அண்ட் தி பிளாக்’, அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி 1983இல் ஒளிபரப்பிய படம். ரோமுக்கே போய்ப் படம்பிடித்த, கொஞ்சம் பணக்காரத் தொலைக்காட்சிப் படம், இருந்தும் சண்டைக்காட்சிக்குப் பெரிதாக ஒன்றும் செலவழிக்கவில்லை. ஜெர்மன் பிடியில் இருக்கும் ரோம். வாடிகனில் வேலை பார்க்கும் அயர்லாந்துப் பாதிரியார் ஹ்யூ ஓஃப்ளாஹர்டி, தப்பி வந்த நேச நாட்டுக் கைதிகளையும் யூதர்களையும் ஊரெங்கும் வீடுகளில் ஒளித்துவைக்கிறார். நிஜ மனிதர், ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றியவர். கரி மூட்டை தூக்குகிறவனாக வேஷம் போட்டுத் தப்பியதெல்லாம் உண்மையில் நடந்தது. எதிரே நாஜிகளின் எஸ்.எஸ். படை அதிகாரி ஹெர்பர்ட் காப்லர். புனித பேதுரு சதுக்கத்தின் வாசலில் வாடிகன் எல்லையாக ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கிறது, பாதிரியார் அதைத் தாண்டி வந்தால் சுடலாம். கோட்டுக்கு அந்தப்பக்கம் பாதிரியாராக கிரிகரி பெக், இந்தப்பக்கம் காப்லராக கிறிஸ்டோபர் பிளம்மர். சுண்ணாம்புக் கோடு ஒன்றுக்கு என்ன செலவாகியிருக்கும்?

எனக்கு அந்த வயதில் ஆங்கிலம் ஒரு வரி புரியாது. படம் முழுக்கப் புரிந்தது. காப்லர் வீட்டில் பிள்ளைகளைக் கொஞ்சுகிறான், அலுவலகத்துக்குப் போய் ரோம் யூதர்களிடம் 50 கிலோ தங்கம் கேட்கிறான், இரண்டுக்கும் ஒரே முகம்தான், அதுதான் பயமாக இருந்தது. நிஜக் காப்லர் தங்கத்தை வாங்கிக்கொண்ட பிறகும் 1943 அக்டோபரில் அவர்களைப் பிடித்து அனுப்பியவன். 1944 மார்ச் 24 அன்று ஆர்டியாட்டைன் குகைகளில் 335 பேரைச் சுட்டுக்கொன்றதும் அவன் பொறுப்பில்தான். படத்தில் வரும் காப்லர் கடைசியில், நேச நாட்டுப் படை ஊர் எல்லைக்கு வந்துவிட்ட இரவில், பாதிரியாரை வரவழைத்து, என் மனைவி பிள்ளைகளை எப்படியாவது வெளியே அனுப்பிவிடு என்று கேட்கிறான். பாதிரியார் கொதித்துப்போய்த் திட்டிவிட்டுப் போகிறார். பெக்கின் தாடை ஆடுகிறது.

“கேக்கத்தான் செய்வான்” என்றார் தாத்தா. அதுவரை வாயே திறக்கவில்லை. பிறகு படம் தீர்வதற்குள், காப்லர் கைதியான பின் விசாரிக்க வந்தவன் எதையோ சொல்ல, பிளம்மரின் முகம் மாறுகிறது. “அனுப்பிட்டானாம். பொண்டாட்டி பிள்ளை எல்லாம் ஸ்விட்சர்லாந்து போயாச்சாம்” என்று தாத்தாதான் எனக்குச் சொன்னார், பட்டாளத்து ஆங்கிலம் அவருக்கு அந்த அளவுக்கு வரும். ரீவைண்ட் போடச் சொன்னார். போட்டேன். மறுபடியும் பார்த்தார். “ரோமுக்குள்ள கொடி பிடிச்சுக்கிட்டுப் போனது அமெரிக்காக்காரன். ரோட்டுல கண்ணிவெடி எடுத்தது யாருன்னு இந்தப் படத்துல போட்டிருக்கானா பாரு” என்றார். போடவில்லை. கண்ணிவெடி பற்றி நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இத்தாலியின் சேற்றைப் பற்றியும், சுட்ட கஷ்கொட்டை கொடுத்த ஒரு கிழவியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். சமையல்காரர்கள் அடுப்பைப் பற்றவைக்கிற வரைக்கும்.

போர் விளையாட்டாகிறது என்கிறாரே உங்கள் நண்பர், அவருக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். கோடி கோடியாய்க் கொட்டி எடுத்த படங்களில்தான் சாவுக்கு எண்ணிக்கை இருக்கிறது, ஆள் இல்லை. இதில் எதிரிக்குப் பிள்ளைகள் இருக்கின்றன, அதற்காக அவன் செய்தது எதுவும் குறைந்துபோகவும் இல்லை. படம் முடிந்த பிறகு நடந்தது இன்னும் பெரிது. ஆயுள் தண்டனை பெற்ற காப்லரை ஓஃப்ளாஹர்டி சிறைக்குப் போய்ப் போய்ப் பார்த்தார், 1959இல் காப்லர் கத்தோலிக்கனாக மாறினான். (1977இல் ரோமில் மருத்துவமனையிலிருந்து தப்பி ஜெர்மனிக்கு ஓடியவனும் அதே காப்லர்தான். மனம் திரும்புவதைப் பற்றி அவசரப்பட்டுக் கண்ணீர் விடாதீர்கள்.)

தாத்தா கேட்ட கேள்விக்கு வருகிறேன், இதுதான் என்னை உறுத்திக்கொண்டிருப்பது. 1944 பிப்ரவரி 24, ரோமுக்குப் போகிற வழியில் மின்யானோ என்ற இடம். மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்ரமணியன், காஞ்சிபுரம் பக்கத்துக்காரர், கண்ணிவெடி கண்டுபிடிக்கும் கருவியோடு முன்னால் நடக்கிறார். பின்னால் ஒருவர் பாதுகாப்பான தடத்தைக் காட்ட வெள்ளை நாடா விரித்துக்கொண்டே வருகிறார். பின்னால் வந்தவர் ஒரு வெடியை மிதித்துவிடுகிறார். மிதித்ததும் சின்னதாக ஒரு சத்தம், சில நொடி கழித்துத்தான் முழுதாக வெடிக்கும் வகை அது. அந்தச் சில நொடியில் மற்றவர்கள் தரையில் விழுந்து தப்பிக்கலாம், சுபேதாரும் விழுந்திருக்கலாம். அவர் அந்த வெடியின் மேலேயே போய் விழுந்தார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். பிரிட்டிஷ் அரசின் உயரிய வீரப் பதக்கமான ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள், அவர் இல்லாமல்.

ஆறேழு நடிகர்கள், ஒரு மண் ரோடு, ஒரு நாடா, ஒரு முகம். இதை எடுக்க எத்தனை கோடி வேண்டும்? தமிழில் இத்தனை சேனல் இருக்கிறது. போர்ப்படமா, அதற்கெல்லாம் இங்கே பட்ஜெட் ஏது என்று ஒரு சேனல் நிர்வாகி என் முகத்துக்கு நேராகச் சொன்னார், ஆயிரம் எபிசோடு தாண்டிய குடும்பத் தொடர் ஒன்றுக்கு அன்று அலுவலகத்தில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. ஐயா, முகத்தைக் காட்டத் தெரியாதவர்களா நீங்கள்? மாமியார் திரும்பிப் பார்ப்பதை மூன்று கோணத்தில் மூன்று தடவை இடிச்சத்தத்தோடு காட்டுகிறீர்கள். உங்களுக்குத் தெரியாதது முடிப்பது. ஒரு வேலையை எடுத்து, ஒன்றரை மணி நேரத்துக்குள் அதை முடித்து, வீட்டுக்காரர்களைத் தூங்க அனுப்புவது. அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரர்களும் சோப்பு விற்கத்தான் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் ஒன்றும் கலைக்கோயில் கட்டவில்லை. ஆனாலும் சோப்பு விளம்பரத்துக்கு முன்னால் கதை ஒரு விளிம்பில் வந்து நிற்க வேண்டும் என்று ஒருவன் உட்கார்ந்து யோசித்தான்.

போதும், என் ரத்த அழுத்தத்துக்கு நல்லதில்லை.

பட்டியல் கேட்டீர்கள். பட்டியல் போடுவது எனக்குப் பிடிக்காத வேலை, கேட்டதற்காகச் சொல்கிறேன். ‘ஸ்கார்லெட்’ முதலில். அடுத்து 1970இல் வந்த ‘சோல் சர்வைவர்’. லிபியப் பாலைவனத்தில் விழுந்து கிடக்கும் விமானத்தின் பக்கத்தில் அதன் குழுவினர் பேய்களாகக் காத்திருக்கிறார்கள், தங்கள் உடல்களை யாராவது கண்டுபிடிப்பார்களா என்று. அவர்களை விட்டுக் குதித்துத் தப்பிய ஒருவர் இப்போது ஜெனரலாக, அந்த விமானத்தை விசாரிக்கவே வருகிறார். 1943இல் காணாமல்போய் 1958இல் கண்டுபிடிக்கப்பட்ட ‘லேடி பி குட்’ என்ற நிஜ விமானத்திலிருந்து பிறந்த கதை. அந்த ஜெனரலாக வரும் ரிச்சர்ட் பேஸ்ஹார்ட்டின் முகத்துக்காகவே இரண்டு முறை பார்க்கலாம். ‘டெத் ரேஸ்’ மூன்றாவது. 1985இல் எடுத்த ‘டர்ட்டி டஸன்’ இரண்டாம் பாகத்தைச் சிரிப்பதற்காகப் பாருங்கள். ஹிட்லரைக் கொல்லப்போகும் ஜெர்மன் ஜெனரலைத் தடுப்பதுதான் அதில் வேலை, ஹிட்லர் உயிரோடு இருந்து தப்புத் தப்பாக உத்தரவு போட்டால்தான் நமக்கு லாபம் என்று! கதைப்படி முதல் படத்துக்குப் பிறகு சில மாதம்தான் ஆகியிருக்கிறது, இரண்டிலும் நாயகனான லீ மார்வினுக்கோ பதினெட்டு வயது கூடியிருக்கிறது. ஆனாலும் அவர் இரண்டாம் உலகப்போரில் சைபான் தீவில் நிஜமாகவே குண்டடி பட்டவர், நடந்து வந்தாலே நம்பத் தோன்றும். ‘கிரேட் எஸ்கேப்’ இரண்டாம் பாகம், 1988, வேண்டாம். பார்த்தே தீருவேன் என்றால், முதல் படத்தில் கண் தெரியாமல் போகும் அப்பாவிக் கைதியாக வந்த டொனால்ட் ப்ளெசன்ஸ் இதில் ஜெர்மன் தரப்பு வில்லனாக வருகிறார், அந்தக் காட்சிகளை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுங்கள்.

அடுத்த கடிதத்தில் மன்னிப்பு கேட்டால் பதில் போடமாட்டேன்.